எக்ஸ்ட்ராக்டை விட்டு ஆல்-கிரெய்னுக்கு மாறுகிறேன்: எந்தக் கருவியில் பணம் போடுவது?

பனிக்காடு (மார்க்கம், ஒன்டாரியோ)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை எக்ஸ்ட்ராக்ட் (பாகாக்கி அடைத்த மால்ட் சாறு) டின்னை வைத்துத்தான் வீட்டில் பியர் காய்ச்சி வருகிறேன். குடிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் பில்ஸ்னர், கோல்ஷ் மாதிரி வெளிர் பியர்கள் போட்டால் நிறம் ஒரு படி கருத்தே வருகிறது. எந்த மால்ட் எவ்வளவு என்பதையும் டின்காரர்தான் முடிவு செய்கிறார். அதனால் மால்டிலிருந்தே, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்தே, ஆல்-கிரெய்ன் முறையில் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

கையில் இருப்பவை: 20 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரம், புளிக்கவைக்க இரண்டு பிளாஸ்டிக் ஃபெர்மென்டர், அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர், பாட்டில் மூடும் கருவி. அடுப்பு கண்ணாடி மேற்பரப்புள்ள மின்சார அடுப்பு. பேஸ்மென்ட் உண்டு, அங்கே துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான 240 வோல்ட் பிளக்கும் உண்டு.

மூன்று வழிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, வெந்நீருக்கு ஒன்று, மாஷுக்கு (மால்டை வெந்நீரில் ஊறவைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது) ஒன்று, கொதிக்கவைக்க ஒன்று என்று மூன்று பாத்திரத் தொகுப்பு. இரண்டு, கிரெய்ன்ஃபாதர், ப்ரூசில்லா, ஆன்வில் ஃபவுண்ட்ரி போல எல்லாம் ஒன்றிலேயே நடக்கும் மின்சாரக் கருவி. மூன்று, ஒரே பாத்திரத்தில் துணிப் பை போட்டு மாஷ் செய்வது. கடைக்காரர் மூன்று பாத்திரம் இருந்தால்தான் "உண்மையான" ஆல்-கிரெய்ன் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தென்துருவம் (மெல்பர்ன்)

வாருங்கள் நண்பரே. கடைக்காரர் சொன்னதை அப்படியே ஓரமாக வைத்துவிடுங்கள். துணிப் பை முறை ஆஸ்திரேலியாவில் 2000-களின் நடுவில் பரவிய முறை. நான் அதில்தான் காய்ச்சுகிறேன். பையில் ஊறினாலும் பெரிய தொட்டியில் ஊறினாலும் மாவுச்சத்தை உடைக்கும் என்சைம்கள் அதேதான். சரியான சூட்டில், சரியான அமிலத்தன்மையில், ஒரு மணி நேரம் விட்டால் வேலை முடிந்தது.

கருவியைப் பற்றி யோசிக்கும் முன் எக்ஸ்ட்ராக்டில் நீங்கள் செய்யாமல் விட்ட வேலை எது என்று பாருங்கள். மாஷ் வேலையை ஆலைக்காரன் செய்து, தண்ணீரை வற்றவைத்து டின்னில் அடைத்துத் தருகிறான். நீங்கள் அதைப் பத்துப் பன்னிரண்டு லிட்டரில் கொதிக்கவிட்டு, மீதிக்குப் பச்சைத்தண்ணீர் சேர்த்தால் போதும். ஆல்-கிரெய்னில் அந்தக் குறுக்குவழி கிடையாது. மொத்த வோர்ட்டையும் (மாஷில் வடியும் இனிப்புச் சாறு) கொதிக்கவைத்தாக வேண்டும், மொத்தத்தையும் ஆறவைத்தாக வேண்டும். ஆகவே கேள்வி மூன்றுதான்: எத்தனை லிட்டர் பாத்திரம், எத்தனை வாட் சூடு, எப்படி ஆறவைப்பது.

ஃபெர்மென்டருக்கு 20 லிட்டர் போக வேண்டும் என்று வையுங்கள். சுமார் 5 கிலோ மால்ட் வேண்டும். பையைப் பிழிந்த பிறகும் மால்ட் 3 லிட்டர் தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரக் கொதியில் 3 முதல் 4 லிட்டர் ஆவியாகும். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசடு அடியில் தங்கும், அதோடு 2 லிட்டர் போகும். ஆறும்போது சுருங்குவது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஆரம்பத் தண்ணீர் 29, 30 லிட்டர். அதில் 5 கிலோ மால்ட் விழுந்தால் இன்னும் மூன்றே கால் லிட்டர் இடம் பிடிக்கும். 33 லிட்டர் ஆகிவிட்டது. 30 லிட்டர் பாத்திரம் வாங்கினால் முதல் நாளே வழியும். 40 லிட்டருக்குக் குறைந்து எதையும் வாங்காதீர்கள்.

வல்லைவெளி (ஸ்கார்பரோ)

தம்பி, மூன்று பாத்திரம் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ஐஸ்பெட்டி முறையையும் யோசியுங்கோ. கடற்கரைக்கும் பார்க்குக்கும் கொண்டு போகிற 38 லிட்டர் வட்டமான குளிர்பானப் பெட்டி இருக்குதல்லவா, அதுதான் என்னுடைய மாஷ் தொட்டி. அடியில் சுடுநீர்க் குழாயின் மேல் பின்னியிருக்கும் ஸ்டீல் வலையைக் கழற்றி வடிகட்டியாகப் பூட்டினால் முடிந்தது. 5 கிலோ மால்டுக்கு 15 லிட்டர் தண்ணீரை 73, 74 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றினால் கலவை 67-ல் வந்து நிற்கும். பெட்டியை முன்கூட்டியே கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சூடாக்கி வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஒன்று இரண்டு டிகிரிதான் இறங்கும். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. இரண்டாம் முறை 76 டிகிரித் தண்ணீர் விட்டுக் கலக்கி வடித்தால் மிச்சச் சர்க்கரையும் வந்துவிடும்.

பெரிய பியர் (மால்ட் கூடப் போட்டு, ஆல்கஹால் கூடி வருவது) போடுகிறவர்களுக்கு இதுதான் நல்லது. 8, 9 கிலோ மால்டைப் பையில் போட்டு 40 லிட்டர் பாத்திரத்திலிருந்து தூக்கிப் பார்த்தால் விளங்கும்.

தென்துருவம் (மெல்பர்ன்)

பெரிய பியருக்கு ஐஸ்பெட்டி மேல்தான் அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் ஐஸ்பெட்டி வாங்கினாலும் கொதிக்கவைக்கும் பாத்திரம் தனியாக வேண்டுமே. முன்கொதி அளவு 26 லிட்டர் வரும். 32 லிட்டர் பாத்திரமாவது வேண்டும். இரண்டாம் தண்ணீரைச் சூடாக்க இன்னொரு பாத்திரம். பையில் அந்த இரண்டும் மிச்சம். பின்னால் ஆசை வந்தால் அதே 40 லிட்டர் பாத்திரத்தோடு ஐஸ்பெட்டியைச் சேர்த்துக்கொள்ளலாம், எதுவும் வீணாகாது. அதனால்தான் முதல் பணம் பாத்திரத்துக்கு என்கிறேன்.

கொதிநிலை (எடிசன், நியூ ஜெர்சி)

பனிக்காடு, உங்கள் முடிவை உங்கள் சுவர் பிளக்கே பாதி எடுத்துவிட்டது. யூடியூபில் ஆஸ்திரேலியாக்காரர் ப்ரூசில்லாவில் சரசரவென்று கொதிக்கவைப்பதைப் பார்த்துவிட்டு வட அமெரிக்காவில் அதையே வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன்.

30 லிட்டர் தண்ணீரை 20-லிருந்து 68 டிகிரிக்கு ஏற்ற சுமார் 6000 கிலோஜூல் தேவை. மெல்பர்னில் சாதாரண பிளக்கிலேயே 2400 வாட் கிடைக்கும்: 42 நிமிடம். இங்கே 120 வோல்ட், 15 ஆம்பியர். அந்தப் பிளக்குக்காகச் செய்யப்படும் கருவிகள் 1500, 1600 வாட்: ஒரு மணி நேரத்துக்கு மேல். அப்புறம் மாஷ் முடிந்து 68-லிருந்து கொதிநிலைக்கு ஏற்ற அங்கே 26 நிமிடம், இங்கே 40 நிமிடம் போல. பாத்திரத்தின் உடம்பிலிருந்து வீணாகும் சூட்டை நான் இதில் சேர்க்கவில்லை. அதையும் சேர்த்தால் ஒரு நாள் வேலையில் ஒரு மணி நேரம் வரை கூடும்.

நேரத்தைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கொதியின் வேகம்தான் எனக்கு முக்கியம். 1500 வாட்டில் ஒரு 400 வாட் காற்றோடு போனால் மிச்சம் ஆவியாக்குவது மணிக்கு 1.75 லிட்டர்தான். 2400 வாட்டில் 3 லிட்டரைத் தாண்டும். பில்ஸ்னர் மால்டில், வேகவைத்த சோள வாசனை தரும் டிஎம்எஸ் என்ற பொருளாகச் சூட்டில் மாறும் முன்பொருள் கூடுதலாக இருக்கும். அந்த டிஎம்எஸ் ஆவியோடு வெளியேற நல்ல கொதி வேண்டும், மூடி திறந்திருக்க வேண்டும். உங்கள் கனவே பில்ஸ்னர் என்கிறீர்கள். பாத்திரத்தைச் சுற்றி வெப்பக்காப்பு உறை கட்டி, 90 நிமிடம் கொதிக்கவிட்டால் 1500 வாட்டிலும் நல்ல பில்ஸ்னர் வரும். ஆனால் 240 வோல்ட் பிளக் வீட்டில் இருக்கும்போது அந்தப் பாடு எதற்கு?

ஆன்வில் ஃபவுண்ட்ரியின் 10.5 கேலன் மாடல் இரண்டு வோல்டேஜிலும் ஓடும்: 120-ல் 1600 வாட், 240-ல் 2800 வாட். வட அமெரிக்காவில் கருவி வாங்குவதென்றால் என் ஓட்டு அதற்குத்தான். ஒன்று மட்டும் கண்டிப்பு. டிரையர் பிளக்கிலிருந்து எடுப்பதானால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து, மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பாதுகாப்போடு செய்யுங்கள். ஈரத் தரை, கொதிக்கும் திரவம், 30 ஆம்பியர் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கப் போகின்றன. இணையத்தில் விற்கும் மாற்று அடாப்டரை நம்பி இறங்காதீர்கள்.

வல்லைவெளி (ஸ்கார்பரோ)

கொதிநிலை சொன்ன கணக்கு சரி. இன்னொன்றும் இருக்கு, தம்பியின் அடுப்பு கண்ணாடி மேற்பரப்பு. 40 லிட்டர் பாத்திரம் நிறைந்தால் 35 கிலோவைத் தாண்டும். அதை அந்தக் கண்ணாடி மேல் வைக்கக்கூடாது. பாத்திரம் அகலம் என்பதால் வளையத்துக்கு வெளியே சூடு தேங்கிக் கண்ணாடி வெடித்த வீடுகளும் உண்டு. குசினியில் 20 லிட்டர் பாத்திரத்தோடு நில்லுங்கோ.

வெளியில் காய்ச்சுவதானால் புரொப்பேன் அடுப்பு. கெதியாகக் கொதிக்கும், விலையும் குறைவு. ஆனால் ஸ்கார்பரோவில் ஜனவரியில் வெளியே நிற்க முடியாதென்று கராஜுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பற்றவைக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வாசல் பாதி திறந்திருந்தாலும் போதாது. புரொப்பேன் என்றால் முழுக்க வெளியில், அல்லது வேண்டவே வேண்டாம்.

அல்லி (சான் ஹோசே)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் விசேஷங்களுக்குப் பிரியாணி செய்கிற 50 லிட்டர் அலுமினிய அண்டா ஒன்று பரணில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா? அலுமினியம் பியருக்கு ஆகாது என்று சில இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அப்படியே இன்னொன்றும்: மால்டை மிக்ஸியில் அடித்துக்கொள்ளலாமா?

வல்லைவெளி (ஸ்கார்பரோ)

அண்டா தாராளமாக ஆகும், தங்கச்சி. அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஒன்று இருக்கும், அதுதான் காவல். புதிதாகத் தேய்த்த அண்டா என்றால் முதலில் வெறும் தண்ணீரை விளிம்புவரை ஊற்றி அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கோ. உள்ளே மங்கிய சாம்பல் நிறம் வரும். அதுதான் வேண்டியது, அதை ஸ்டீல் நாரால் தேய்த்துப் பளபளப்பாக்கக்கூடாது. கழுவ மென்மையான ஸ்பாஞ்சும் சாதாரணப் பாத்திரச் சோப்பும் போதும். ஃபெர்மென்டர் கழுவுகிற காரப் பொடிகளை அலுமினியத்தில் ஊறவைத்தால் உலோகத்தையே அரிக்கும்.

அலுமினியம் ஸ்டீலை விட நன்றாகச் சூடு கடத்தும், விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே சீராகச் சூடாகும். இண்டக்ஷன் அடுப்பில் மட்டும் வேலை செய்யாது. பிரியாணி மணம் போய்விட்டதா என்று வெந்நீர் கொதிக்கவைத்து மோந்து பாருங்கோ. மசாலா எண்ணெய் விளிம்பு மடிப்பில்தான் ஒளிந்திருக்கும்.

தென்துருவம் (மெல்பர்ன்)

மிக்ஸி கேள்விக்கு நான் சொல்கிறேன். மால்டை மாவாக்கக் கூடாது, உடைக்க வேண்டும். நல்ல உடைப்பை உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள். உமி கிட்டத்தட்ட முழுதாக, நீளவாக்கில் பிளந்து இருக்கும். உள்ளே இருந்த வெள்ளைப் பருப்பு நான்கைந்து துண்டாக உடைந்து உமிக்கு வெளியே கிடக்கும். முழு மணி ஒன்றிரண்டுக்கு மேல் கண்ணில் படாது. கொஞ்சம் மாவும் இருக்கும். உருளை இயந்திரத்தில்தான் இப்படி வரும். மிக்ஸி பிளேடு உமியையும் சேர்த்துத் துண்டாக்கிவிடும்.

ஐஸ்பெட்டித் தொட்டியில் அந்த உமிதான் வடிகட்டிப் படுக்கை. உமி நொறுங்கினால் வோர்ட் இறங்காமல் அடைத்துக்கொள்ளும். பையில் அந்த ஆபத்து குறைவு, ஆனால் மாவு கண்ணுக்குத் தெரியாமல் துணித் துளைகளில் பூசிக்கொள்ளும், தூக்கினால் வடியாது. முதல் சில பியர்களுக்கு மால்டைக் கடையிலேயே உடைத்து வாங்குங்கள். பை முறை என்று சொல்லி இரண்டு முறை ஓட்டித் தரச் சொல்லுங்கள். பிறகு சொந்தமாக உருளை இயந்திரம் வாங்கினால் இடைவெளி 1 மில்லிமீட்டரில் தொடங்கி, பைக்கு 0.8 வரை இறக்கலாம். கிரெடிட் கார்டு ஒன்றின் தடிமன் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கோதுமை மால்டுக்கு உமி கிடையாது. கோதுமை அதிகமுள்ள பியரில் தொட்டி அடைக்காமல் இருக்க ஒரு கைப்பிடி நெல் உமி சேர்ப்பார்கள். ஹோம்ப்ரூ கடைகளில் நெல் உமியைப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். அலசிவிட்டுப் போட வேண்டும்.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. ஒரு குறிப்பு மட்டும். கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் பியர் காய்ச்சலாம், விற்கக் கூடாது. அமெரிக்காவில் 1978-ல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் கூட்டாட்சி அளவில் வழி திறந்தது. மாநிலங்களில் கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் அனுமதித்தன. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதைச் செய்முறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குடக்காற்று (ஈஸ்ட் ஹாம், லண்டன்)

எல்லோரும் பாத்திரம், வாட் என்றே பேசுகிறீர்கள். தண்ணீரை யாரும் தொடவில்லையே.

எக்ஸ்ட்ராக்டில் தண்ணீர் பெரிய விஷயமில்லை, மாஷ் ஏற்கெனவே வேறு ஒருவரின் தண்ணீரில் முடிந்துவிட்டது. ஆல்-கிரெய்னில் உங்கள் குழாய்த் தண்ணீர்தான் மாஷின் அமிலத்தன்மையைத் தீர்மானிக்கும். பிஎச் 5.2-லிருந்து 5.6-க்குள் இருக்க வேண்டும். லண்டன் தண்ணீர் சுண்ணாம்பு. கெட்டிலில் வெள்ளைப் படலம் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கருத்த வறுத்த மால்டின் அமிலம் அந்தக் காரத்தைச் சரிக்கட்டும், அதனால் இந்தத் தண்ணீரில் போர்ட்டர் அருமையாக வருகிறது. வெறும் வெளிர் மால்ட் போட்டால் பிஎச் மேலே நின்று, நாக்கில் துவர்ப்பு ஒட்டும். கொஞ்சம் லாக்டிக் அமிலம் சேர்த்துத்தான் நான் வெளிர் ஏல் போடுகிறேன். மெல்பர்ன் நண்பருக்கு இந்தத் தொல்லையே இருக்காது, அங்கே தண்ணீர் மிக மென்மை.

டொரொன்டோ பக்கம் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் போடுகிறார்கள். குளோரின் மாதிரி அது கொதிக்கவைத்தால் சுலபமாகப் போகாது, ஒரு ராத்திரி திறந்து வைத்தாலும் போகாது. மால்டிலும் ஈஸ்டிலும் உள்ள பீனால்களோடு சேர்ந்து பிளாஸ்திரி வாசனையைக் கொடுக்கும். அதை முறிக்கும் கேம்ப்டன் மாத்திரை (மெட்டாபைசல்பைட்) ஒன்று சுமார் 75 லிட்டருக்குப் போதும். 30 லிட்டருக்கு அரை மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கினால் சில நிமிடத்தில் வேலை முடியும். கருவிப் பட்டியலிலேயே மலிவான பொருள் இதுதான், இதை விட்டுவிடாதீர்கள்.

பனிக்காடு (மார்க்கம், ஒன்டாரியோ)

அனைவருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கேம்ப்டன் மாத்திரையைக் குறித்துக்கொண்டேன்.

ஆறவைப்பது பற்றிக் கேட்க வேண்டும். இப்போது பாத்திரத்தைச் சிங்க்கில் ஐஸ் தண்ணீரில் இறக்கி வைக்கிறேன். 20 லிட்டருக்கு அது எடுபடுமா? தட்டு வடிவச் சில்லர் ஒன்று தள்ளுபடியில் வருகிறது.

தென்துருவம் (மெல்பர்ன்)

10 லிட்டர்வரை சிங்க் போதும். 20 லிட்டருக்கு மேல் என்றால் 15 மீட்டர் செம்புச் சுருள் சில்லர். அதைக் கொதி முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது வோர்ட்டுக்குள் இறக்கிவிட்டால் கொதியே கிருமிநீக்கம் செய்துவிடும். அடுப்பை அணைத்ததும் குழாயைத் திறந்து, சுருளை மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். அசைக்காமல் விட்டால் சுருளைச் சுற்றி மட்டும் குளிர்ந்து, நடுவில் சூடு அப்படியே நிற்கும். கனடாவின் குளிர்காலக் குழாய்த் தண்ணீருக்குக் கால் மணி நேரத்தில் 20 டிகிரிக்கு வந்துவிடும்.

தட்டுச் சில்லர் வேண்டாம். உள்ளே ஹாப்ஸ் துணுக்கு சிக்கினால் கண்ணால் பார்க்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. செம்புச் சுருளில் அழுக்கு இருந்தால் எதிரில் தெரியும்.

சில்லரே இல்லாத வழியும் இருக்கிறது. இங்கே வறட்சி ஆண்டுகளில் தண்ணீர்க் கட்டுப்பாடு இருந்தபோது பரவிய வழக்கம். கொதித்த வோர்ட்டை அப்படியே சூடாக 20 லிட்டர் கெட்டி பாலித்தீன் கேனில் நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, ஒரு பக்கம் சாய்த்து வைத்துவிடுவோம். சூடே கேனைச் சுத்தமாக்கும். மறுநாள் ஆறியதும் ஃபெர்மென்டருக்கு ஊற்றி ஈஸ்ட் போட வேண்டும், வாரக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. கேன் வெந்நீர் தாங்கும் எச்டிபிஇ வகையாக இருக்க வேண்டும். கடைசி நிமிட ஹாப்ஸ் கேனுக்குள்ளும் சூட்டில் இருந்துகொண்டே கசப்பைக் கூட்டும் என்பதால் ஹாப்ஸ் நேரத்தைத் தள்ளிப் போட வேண்டிவரும். நறுமணம் மிகுந்த ஐபிஏக்களுக்கு நான் சில்லரைத்தான் எடுப்பேன்.

கொதிநிலை (எடிசன், நியூ ஜெர்சி)

நான் உறுதியாகச் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த இழையில் எல்லோரும் சூடான பக்கத்தைப் பற்றியே பேசுகிறோம். பியர் நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் குளிர்ந்த பக்கத்தில்தான் முடிவாகிறது.

பிரமாதமான கருவியில் மாஷ் செய்து, ஃபெர்மென்டரை அலமாரிக்குள் 26 டிகிரியில் வைத்தால் பெயின்ட் தின்னர் வாசனையும் தலைவலியும்தான் மிச்சம். சாதாரண எக்ஸ்ட்ராக்டை 18 டிகிரியில் சீராக வைத்தால் அது அதை வென்றுவிடும். ஈஸ்ட் முதல் மூன்று நாளில் தானே சூடு உண்டாக்கும். அறை 20 என்றால் உள்ளே 23, 24 இருக்கலாம். ஆகவே ஒட்டும் வெப்பமானி ஃபெர்மென்டரின் உடம்பில் இருக்க வேண்டும், அறைச் சுவரில் அல்ல.

பழைய ஃபிரிட்ஜ் ஒன்று, இன்க்பேர்ட் மாதிரி இரண்டு சாக்கெட் வைத்த வெப்பநிலைக் கட்டுப்படுத்தி ஒன்று, ஃபெர்மென்டரைச் சுற்றும் சூட்டுப் பட்டை ஒன்று. மூன்றும் சேர்ந்து ஒரு ஃபவுண்ட்ரியின் விலையில் பாதிகூட வராது. கட்டுப்படுத்தியின் உணரியை ஃபெர்மென்டரின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்துக் கட்டுங்கள். 18 என்று வைத்தால் 18-ல் நிற்கும். பில்ஸ்னர் போன்ற லாகருக்கு 11 என்று வைத்தால் 11. உங்களுக்கு பில்ஸ்னர் வேண்டும் என்கிறீர்கள், இந்த ஃபிரிட்ஜ் இல்லாமல் பில்ஸ்னர் கிடையாது. ஒன்றுக்கு மட்டுமே கையில் பணம் இருக்கிறது என்றால் முதலில் இதற்குத்தான் போக வேண்டும்.

அல்லி (சான் ஹோசே)

ஃபிரிட்ஜுக்கு இடமில்லாதவர்களுக்கு க்வைக் ஈஸ்ட் ஒரு வழி. நார்வேப் பண்ணை வீடுகளில் வழிவழியாக வந்த ஈஸ்ட். வாஸ் வகை 35 டிகிரிக்கு மேலும் சுத்தமாக, லேசான ஆரஞ்சு மணத்தோடு வேலை செய்கிறது. எங்கள் கராஜ் கோடைக்கு இதைத்தான் நம்பியிருக்கிறேன்.

வல்லைவெளி (ஸ்கார்பரோ)

கொதிநிலை சொன்னதோடு ஒத்துப்போகிறேன். கூடவே, நல்ல வெப்பமானி. கடிகார முகம் வைத்த மலிவு வெப்பமானிகள் நாளாக ஆக நகரும். ஐஸ் கரைசலில் 0, கொதிநீரில் 100 காட்டுதா என்று பார்த்துவிட்டுத்தான் மாஷுக்கு எடுக்க வேண்டும். 64-ல் மாஷ் செய்தால் சர்க்கரை ஈஸ்டுக்கு எளிதாகச் செரிக்கும், பியர் வறண்டு முடியும். 69-ல் செய்தால் உடம்போடு, கொஞ்சம் இனிப்போடு நிற்கும். வெப்பமானி மூன்று டிகிரி பொய் சொன்னால் நீங்கள் நினைத்த பியர் வேறு, வருகிற பியர் வேறு.

பனிக்காடு (மார்க்கம், ஒன்டாரியோ)

எல்லோரும் சொன்னதை வைத்து முடிவுக்கு வந்துவிட்டேன். ஃபவுண்ட்ரியை இப்போது வாங்கவில்லை. கையில் இருக்கும் 20 லிட்டர் பாத்திரத்திலேயே, அடுப்பிலேயே, பை போட்டு 10 லிட்டர் பியராகத் தொடங்குகிறேன். வாங்கப்போவது: பை, டிஜிட்டல் வெப்பமானி, கேம்ப்டன் மாத்திரை. மிச்சப் பணத்தில் ஃபிரிட்ஜும் கட்டுப்படுத்தியும். இந்தக் குளிர்காலம் முழுக்க அதில் கை பழகிய பிறகும் 20 லிட்டர் வேண்டும் என்று தோன்றினால், எலக்ட்ரீஷியனை அழைத்து 240 வோல்ட் வழிக்குப் போகிறேன்.

பைக்கு என்ன துணி? வீட்டில் நூல் வேட்டி இருக்கிறது. அப்புறம், முதல் பியருக்கு எளிதான ஒரு கணக்கு யாராவது போட்டுத் தர முடியுமா?

தென்துருவம் (மெல்பர்ன்)

நல்ல முடிவு. வேட்டித் துணி நெருக்கமான பருத்தி. ஊறினால் உப்பி அடைத்துக்கொள்ளும். ஜன்னல் திரைக்கு வருமே, ஒளி ஊடுருவும் பாலியெஸ்டர் வாய்ல் (voile) துணி, அதை வாங்குங்கள். பாத்திரத்தின் உள் சுற்றளவுக்குத் தைத்து, வாயில் நாடா கோத்துவிட்டால் போதும். தையலை இரட்டையாகப் போடச் சொல்லுங்கள், ஊறிய மால்டோடு ஐந்து கிலோவுக்குக் குறையாமல் தூக்க வேண்டிவரும். அடியில் ஸ்டீம் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் பை சூடான தரையைத் தொடாது.

கணக்கு: வெளிர் மால்ட் 2.3 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 200 கிராம். தண்ணீர் 16 லிட்டர், கால் மாத்திரைக்கும் குறைவாகக் கேம்ப்டன். 70 டிகிரிக்குச் சூடாக்கி, மால்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கட்டி இல்லாமல் கலக்குங்கள். 67-க்கு வந்து நிற்கும். அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி ஒரு மணி நேரம். பையைத் தூக்கி மேலே பிடித்து வடியவிட்டு, கையுறை போட்டுப் பிழியுங்கள். பிழிந்தால் துவர்ப்பு வரும் என்பதை நான் நம்புவதில்லை. துவர்ப்பு பிஎச் ஏறினால்தான் வருகிறது.

கொதி தொடங்கியதும் மேக்னம் ஹாப்ஸ் 8 கிராம், முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது காஸ்கேட் 15 கிராம். ஒரு மணி நேரக் கொதி முடிவில் 11 லிட்டர் இருக்க வேண்டும், அடர்த்தி 1.048 அருகில். சிங்க்கில் 18-க்கு ஆறவைத்து யுஎஸ்-05 ஈஸ்ட் தூவி, ஃபிரிட்ஜில் 18-லேயே வையுங்கள்.

வல்லைவெளி (ஸ்கார்பரோ)

தம்பி, வீட்டில் அரைக் கிலோ உலர் எக்ஸ்ட்ராக்ட் பொடி வைத்துக்கொள்ளுங்கோ. முதல் மாஷில் அடர்த்தி கொஞ்சம் குறைந்துதான் வரும், பெரும்பாலும் மால்ட் உடைப்புதான் காரணம். கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது சின்னக் கிண்ணத்தில் வோர்ட் எடுத்து, 20 டிகிரிக்கு ஆறவிட்டு ஹைட்ரோமீட்டரில் பாருங்கோ; சூட்டோடு அளந்தால் குறைவாகக் காட்டும். 11 லிட்டருக்கு 100 கிராம் பொடி மூன்று புள்ளிக்கு (0.003) கொஞ்சம் மேலே ஏற்றும். 1.042 வந்தால் 180 கிராம். பொடியை நேராகக் கொதியில் கொட்டாமல், கொஞ்சம் ஆறிய வோர்ட்டில் கரைத்து ஊற்றினால் பொங்கி அடுப்பில் வழியாது.